கணக்கை மூடிவிட்டேன், ரசீதும் இருக்கிறது

வங்கி விவகாரங்கள்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: அக்கா, 2021-இல் டாலஸ் பக்கத்தில் எம்.எஸ். படிக்க வந்தேன். முடித்துவிட்டு 2023 மே மாதம் கோயம்புத்தூர் திரும்பும்போது, கிளைக்கு நேரில் போய்க் கணக்கை மூடி, மீதியிருந்த 612 டாலர் 40 சென்டை வாங்கிக்கொண்டு வந்தேன். மூடியதற்கு ரசீதும் கொடுத்தார்கள். இப்போது கம்பெனி மாற்றலில், எல்-1 விசாவில், மனைவியோடு எடிசன் வந்திருக்கிறேன். மூன்று வங்கிகளில் கணக்கு திறக்கப் போனேன், மூன்றிலும் முடியாது என்றார்கள். ஒரு வங்கி அனுப்பிய கடிதத்தில் செக்சிஸ்டம்ஸ் என்ற நிறுவனத்தின் பெயர் இருந்தது. விசாரித்தால், பழைய வங்கிக்கு நான் 215 டாலர் 97 சென்ட் பாக்கியாம். நான் சேர்ந்திருந்த ஜிம், கணக்கு மூடிய பிறகும் மூன்று மாதம் 24.99 டாலர் எடுக்கப் பார்த்திருக்கிறது. அதற்கு வங்கி கணக்கை மறுபடி திறந்து, ஒவ்வொரு தடவையும் 35 டாலர் ஓவர்டிராஃப்ட் (இருப்புக்கு மேல் எடுத்தது) அபராதமும், மாதம் 12 டாலர் பராமரிப்புக் கட்டணமும் போட்டிருக்கிறது. என் கிரெடிட் ஸ்கோர் 700-க்கு மேல் இருக்கிறது, அப்புறம் எப்படி மறுக்கிறார்கள்? நண்பன் தன் கணக்கில் சம்பளத்தைப் போடச் சொல்கிறான். இன்னொருவர் 216 டாலரைக் கட்டித் தொலைத்துவிடு என்கிறார். வீட்டில் சொல்லவும் கூச்சமாக இருக்கிறது.
– பெயர் வேண்டாம், எடிசன், நியூ ஜெர்சி

பதில்: தம்பி, கூச்சப்படும்படி நீங்கள் எதுவும் செய்யவில்லை. முதலில் அதை மனதில் இருந்து இறக்கி வையுங்கள். நான் நியூ ஜெர்சியில் ஒரு வங்கிக் கிளையில் பத்தொன்பது வருடம் வேலை பார்த்தவள். முதலில் டெல்லர், பிறகு புதுக் கணக்கு திறக்கும் மேஜை. அந்த மேஜைக்கு எதிரே நம் ஊர்ப் பிள்ளைகள் உட்கார்ந்து, 'ஸாரி' என்ற வார்த்தையைக் கேட்டதும் முகம் சுருங்கி எழுந்து போவதை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். காரணம் கேட்கக்கூட மாட்டார்கள். கேட்டாலும் எங்களால் சொல்ல முடியாது. எங்கள் திரையில் வருவது 'மறுக்கப்பட்டது' என்ற செய்திதான், அதன் பின்னால் இருக்கும் கதை எங்களுக்குத் தெரியாது. அதனால்தான் சொல்கிறேன், கிளையில் இருப்பவரோடு வாதாடுவதில் பயன் இல்லை. அவரால் அந்தப் பதிவை எடுக்கவும் முடியாது, திருத்தவும் முடியாது.

கிரெடிட் ஸ்கோர் நன்றாக இருந்தும் மறுத்தது ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டும் வேறு வேறு ஏடு. எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், டிரான்ஸ்யூனியன் மூன்றும் நீங்கள் கடனை எப்படிக் கட்டினீர்கள் என்பதை எழுதி வைப்பவை. செக்சிஸ்டம்ஸ் எழுதி வைப்பது, சேமிப்புக் கணக்கையும் செக்கிங் கணக்கையும் எப்படி நடத்தினீர்கள் என்பதை. பாக்கி வைத்து மூடப்பட்ட கணக்கு, மோசடிச் சந்தேகம் மாதிரியான விஷயங்கள் அங்கே போகும். அங்கே ஒரு பதிவு பொதுவாக ஐந்து வருடம் நிற்கும். எர்லி வார்னிங் சர்வீசஸ் என்று இன்னொன்றும் இருக்கிறது. ஸெல் பணப் பரிமாற்றத்தை நடத்துவதும் அந்த நிறுவனம்தான். பெரிய வங்கிகள் சில அதைப் பார்க்கின்றன. அதனால் நீங்கள் இரண்டு இடத்திலும் உங்கள் அறிக்கையைக் கேட்டு வாங்க வேண்டும். ஒன்றை மட்டும் சரிசெய்துவிட்டு நான்காவது வங்கிக்குப் போய் மறுபடியும் திரும்பி வந்தவர்கள் இருக்கிறார்கள்.

அறிக்கை வாங்க ஒரு சென்ட்கூடச் செலவில்லை. 1970-ஆம் வருடத்து ஃபேர் கிரெடிட் ரிப்போர்ட்டிங் ஆக்ட் என்ற சட்டம் இந்த நிறுவனங்களுக்கும் பொருந்தும். 12 மாதத்துக்கு ஒரு தடவை இலவசமாகக் கேட்கலாம். அது போக, அறிக்கையைப் பார்த்து உங்களை மறுத்த வங்கி, எந்த நிறுவனத்தின் அறிக்கை என்று உங்களுக்குச் சொல்லியே ஆக வேண்டும். அந்த அறிவிப்பு வந்த 60 நாளுக்குள் இன்னொரு இலவச அறிக்கையும் கேட்கலாம். கடிதம் அனுப்பாத மற்ற இரண்டு வங்கிகளிடமும் எழுத்தில் கேளுங்கள். அவர்கள் பார்த்தது வேறு நிறுவனமாக இருக்கலாம்.

இப்போது அந்த ரசீது. கணக்கு மூடிய நாளில் கிளையில் என்ன காகிதம் கொடுத்தார்கள் என்று தேடுங்கள். கோயம்புத்தூர் வீட்டில் பழைய சர்டிஃபிகேட் ஃபைலில் இருந்தால், அம்மாவிடம் சொல்லி இரண்டு பக்கமும் தெளிவாகப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். ரசீது வேண்டும் என்று மட்டும் சொன்னால் போதும், கதை முழுவதையும் சொல்ல வேண்டியதில்லை. கூடவே 2023 மே மாத ஸ்டேட்மென்ட், ஜிம்முக்கு அனுப்பிய ரத்துக் கடிதம் அல்லது மின்னஞ்சல், அதற்குப் பிறகு நீங்கள் அமெரிக்காவில் இல்லை என்பதற்குப் பாஸ்போர்ட் முத்திரை. முத்திரை எதற்கு என்று நினைக்காதீர்கள். வங்கி உங்களுக்கு அனுப்பியதாகச் சொல்லும் எச்சரிக்கைக் கடிதங்கள் எல்லாம் டாலஸ் அபார்ட்மென்ட் முகவரிக்குத்தான் போயிருக்கும். அவை கைக்கு வராததற்குக் காரணம் அதில் தெரியும்.

உங்கள் வழக்கில் பலமான விஷயம் 24.99 டாலர் அல்ல. மூடிய கணக்கை உங்களைக் கேட்காமல் திறந்ததுதான். 2023 மே மாதம் அமெரிக்க நுகர்வோர் நிதிப் பாதுகாப்பு அலுவலகம், சிஎஃப்பிபி, ஒரு சுற்றறிக்கையே வெளியிட்டது. வாடிக்கையாளர் மூடிய கணக்கை வங்கி தானாகத் திறந்து, வந்த பற்றை ஏற்று, அதன் மேல் கட்டணம் போடுவது நியாயமற்ற செயலாகக் கருதப்படலாம் என்றது. 2025-இல் அந்த அலுவலகம் தன் பழைய வழிகாட்டுதல்கள் பலவற்றைத் திரும்பப் பெற்றது. அதனால் அதை மட்டும் நம்பி எழுத வேண்டாம், உங்கள் கையில் இருக்கும் காகிதத்தை நம்பி எழுதுங்கள்.

கடிதம் சின்னதாக இருக்கட்டும். நம் பிள்ளைகள் எழுதும் கடிதத்தில் முதல் பக்கம் முழுவதும் தாங்கள் எவ்வளவு நேர்மையானவர்கள் என்றுதான் இருக்கும். படிப்பவருக்கு அது தேவையில்லை. இன்ன வங்கி, இன்ன தேதியில் எழுதிய, இன்ன தொகைப் பதிவு தவறு. காரணம், இந்தத் தேதியில் கணக்கு மூடப்பட்டது, மீதி பூஜ்யம், ரசீது இணைத்திருக்கிறேன். அதற்குப் பிறகு நான் எந்தப் பற்றுக்கும் அனுமதி தரவில்லை. பதிவை நீக்க வேண்டும். அவ்வளவுதான். அறிக்கையின் நகலில் அந்த வரியை வட்டமிட்டு இணையுங்கள். அடையாள அட்டை, இப்போதைய முகவரிக்கான ஒரு பில், சோஷியல் செக்யூரிட்டி எண் எல்லாம் இல்லாவிட்டால் தகவல் போதவில்லை என்று ஒதுக்கிவிட முடியும். மூல ரசீதை ஒருபோதும் அனுப்பாதீர்கள், நகல் மட்டும்.

ஒரே கடிதத்தை இரண்டு இடத்துக்கு அனுப்புங்கள்: செக்சிஸ்டம்ஸுக்கு ஒன்று, பழைய வங்கிக்கு ஒன்று. வங்கிக்கு அனுப்புவது கிளைக்கு அல்ல, தகராறுகளுக்கு என்று அவர்கள் குறிப்பிட்டிருக்கும் முகவரிக்கு. தபால் நிலையத்தில் சர்டிஃபைட் மெயில், ரிட்டர்ன் ரிசீட் என்று கேட்டு அனுப்பினால், அங்கே யார் எந்த நாளில் கையெழுத்துப் போட்டு வாங்கினார் என்ற சீட்டு உங்களுக்கு வரும். கணினியிலும் போனிலும் புகார் செய்யலாம்தான். நான் தபாலைச் சொல்வதற்குக் காரணம், அவர்கள் விசாரித்து முடிவு சொல்ல வேண்டிய 30 நாள் கெடு எந்த நாளில் தொடங்கியது என்று நாளை யாரும் மாற்றிச் சொல்ல முடியாது.

30 நாள்தான் அவர்களுக்கு அவகாசம். நடுவில் நீங்கள் புதிதாக ஏதாவது ஆவணம் அனுப்பினால் 45 நாள் வரை போகலாம். அதனால் முதல் தடவையே எல்லாவற்றையும் சேர்த்து அனுப்புங்கள். வங்கி உறுதிப்படுத்தாவிட்டால் பதிவை நீக்கியாக வேண்டும். முடிவு எழுத்தில் வரும். நீக்கியதாக வந்தால், கடந்த ஆறு மாதத்தில் உங்கள் அறிக்கையைப் பார்த்த வங்கிகளுக்குத் திருத்தத்தைத் தெரிவிக்கச் சொல்லிக் கேளுங்கள். கேட்டால்தான் செய்வார்கள்.

'சரிபார்த்தோம், பதிவு சரிதான்' என்று வந்தால் தளர்ந்துவிடாதீர்கள். எப்படிச் சரிபார்த்தீர்கள் என்று எழுத்தில் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு, 15 நாளில் பதில் சொல்ல வேண்டும். பல நேரம் நடப்பது இதுதான்: செக்சிஸ்டம்ஸ் வங்கியைக் கேட்கும், வங்கியில் ஒருவர் திரையைப் பார்த்து 'ஆம், 215.97 பாக்கி' என்பார், உங்கள் ரசீதை யாரும் திறந்தே பார்த்திருக்க மாட்டார்கள். அந்தக் கட்டத்தில் சிஎஃப்பிபி இணையதளத்தில் வங்கியின் மீதும் செக்சிஸ்டம்ஸ் மீதும் தனித்தனியாகப் புகார் போடுங்கள். பொதுவாக 15 நாளுக்குள் நிறுவனம் பதில் சொல்ல வேண்டும் என்பது அவர்கள் வைத்திருக்கும் முறை, சிக்கலானதற்கு 60 நாள் வரை. அந்தப் புகார் கிளைக்குப் போகாது, வங்கியின் தலைமை அலுவலகத்தில் இதற்கென்றே இருக்கும் ஆட்களிடம் போகும். அவர்கள்தான் ரசீதைத் திறந்து பார்ப்பவர்கள். உங்கள் தரப்பை 100 சொல்லில் அறிக்கையோடு சேர்க்கவும் சட்டம் இடம் கொடுக்கிறது. சேர்த்துக்கொள்ளுங்கள், ஆனால் அதை நம்பி இருக்காதீர்கள். கணக்கு திறக்கும் கணினி பதிவின் குறியீட்டைத்தான் படிக்கும், உங்கள் 100 சொல்லைப் படிக்காது.

எனக்கே இது நடந்திருக்கிறது. 2003-இல் வீடு மாறியபோது ஒரு வங்கிக் கணக்கை மூடினேன். முன்பே கொடுத்து வைத்திருந்த ஒரு காசோலை, 18 டாலர், மூடிய பிறகு வந்து விழுந்தது. அது 80 டாலர் பாக்கியாக வளர்ந்து என் பெயரில் உட்கார்ந்துகொண்டது. வங்கியில் வேலை பார்த்துக்கொண்டே என்னால் இன்னொரு வங்கியில் கணக்கு திறக்க முடியவில்லை. மேலாளர் முதல் அனைவரிடமும் வாயால் சொல்லி ஒரு மாதத்தை வீணாக்கினேன். காகிதத்தில் எழுதி அனுப்பிய பிறகு 27-ஆவது நாளில் போனது. வாயால் சொன்னதற்கு எங்கேயும் பதிவு இல்லை.

இனி உங்கள் இரண்டு நண்பர்கள் சொன்னது. 216 டாலரைக் கட்டித் தொலைப்பது சுலபமாகத் தெரியும். ஆனால் கட்டினாலும் பதிவு போய்விடாது. 'பாக்கி கட்டப்பட்டது' என்று மாறும், அவ்வளவுதான். ஐந்து வருடம் வரை அங்கேயே நிற்கலாம், அப்போதும் சில வங்கிகள் மறுக்கும். தவறு அவர்களுடையது என்று கையில் காகிதம் இருக்கும்போது முதலில் கட்டாதீர்கள். உண்மையிலேயே நீங்கள் வைத்த பாக்கி என்றால் என் பதில் வேறாக இருந்திருக்கும். உண்மையான பாக்கியைத் தவறு என்று எழுதுவது சரியல்ல. அப்படிப்பட்டவர்கள் கட்டிவிட்டு, பாக்கி தீர்ந்தது என்ற கடிதத்தை வங்கியிடமே வாங்க வேண்டும். கடன் வசூல் கம்பெனிக்குக் கைமாறியிருந்தால் அவர்களிடமும் வாங்க வேண்டும். வசூல்காரர் வாங்கிக்கொண்ட பணம் வங்கிப் பதிவில் தானாகத் தெரியாது. உங்களுக்கும் வசூல் கடிதம் வந்தால், வந்த 30 நாளுக்குள் அந்தக் கடனுக்கு ஆதாரம் காட்டச் சொல்லி எழுத்தில் கேளுங்கள், போனில் எதையும் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

நண்பர் கணக்கில் சம்பளம் போடுவது மட்டும் வேண்டாம் தம்பி. அவர் நல்லவர் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அவர் கணக்கில் விழுந்த பணம் அவர் பணமாகத்தான் கருதப்படும். அவருக்கு ஒரு நீதிமன்றக் கடன் வந்தாலோ, கணக்கு முடக்கப்பட்டாலோ, உங்கள் வாடகைப் பணமும் அதோடு முடங்கும். வேறு பெயரில் மாதாமாதம் சம்பளம் விழுவதைப் பார்த்தால் வங்கி அவர் கணக்கையே மூடவும் கூடும். நாளைக்கு வீட்டுக் கடனுக்குப் போகும்போது உங்கள் சம்பளம் உங்கள் பெயரில் வந்ததற்கு ஸ்டேட்மென்ட்டும் இருக்காது. அலுவலகத்தில் எச்.ஆரிடம் கேட்டு, ஒன்றிரண்டு மாதம் சம்பளத்தைக் காகிதக் காசோலையாக வாங்குங்கள். எந்த வங்கியின் மேல் அந்தக் காசோலை எழுதப்பட்டதோ அந்த வங்கிக் கிளையில் பாஸ்போர்ட்டைக் காட்டிப் பணமாக்க முடிகிறதா என்று கேட்டுப் பாருங்கள், பல இடங்களில் செய்வார்கள், சிறு கட்டணம் இருக்கும். அதைவிட நல்லது, பேங்க் ஆன் சான்று பெற்ற கணக்கு. ஓவர்டிராஃப்ட் அபராதமே இல்லாத, மாதக் கட்டணம் குறைவான கணக்கு அது. காசோலைப் புத்தகம் இருக்காது, டெபிட் கார்டு இருக்கும். பழைய ஓவர்டிராஃப்ட் பதிவு இருப்பவர்களுக்கும் பெரும்பாலும் திறந்து கொடுக்கிறார்கள். கிளையில் போய் அந்தப் பெயரைச் சொல்லியே கேளுங்கள், சாதாரணக் கணக்குக்கு விண்ணப்பித்தால் மறுபடி அதே மறுப்புதான் வரும்.

கடைசியாக ஒன்று பாருங்கள். அறிக்கை வந்ததும் முதலில் உங்கள் பெயர் எப்படி எழுதியிருக்கிறது என்று பாருங்கள். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் இடம் காலியாக இருக்கும் நம்மவர்களுக்கு விசாவில் எஃப்.என்.யூ. ('முதல் பெயர் தெரியவில்லை' என்பதன் ஆங்கிலச் சுருக்கம்) என்று போட்டு, ஒரு வங்கியில் அப்பா பெயர் முன்னாலும் இன்னொன்றில் பின்னாலும் ஏறியிருக்கும். உங்கள் புகாரில் அந்த எல்லா வடிவங்களையும் எழுதுங்கள். இல்லாவிட்டால் ஆளே பொருந்தவில்லை என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

கேள்வி: பகுதிநேர வேலை தருவதாக ஒருவர் 2,400 டாலருக்குக் காசோலை அனுப்பினார். போட்டேன், கணக்கில் பணமும் தெரிந்தது. அவர் சொன்னபடி 1,900 டாலருக்குக் கிஃப்ட் கார்டு வாங்கி எண்களை அனுப்பினேன். ஒன்பதாம் நாள் காசோலை போலி என்று திரும்பியது. வங்கி கணக்கை மூடி, மோசடிச் சந்தேகம் என்று எழுதிவிட்டது. நான் ஏமாந்தவன், ஏமாற்றியவன் அல்ல. இதை எதிர்க்க முடியுமா?
– மாணவர், டென்டன், டெக்சஸ்

பதில்: முடியும், ஆனால் பாதிதான். தொகையை எதிர்க்க முடியாது. போட்ட காசோலை திரும்பினால் போட்டவரே பொறுப்பு என்பதுதான் இங்கே விதி. பணம் கணக்கில் தெரிவதற்கும் காசோலை உண்மையில் கைமாறியதற்கும் இடையே பல நாள் இருக்கும், அந்த இடைவெளியைத்தான் இந்த ஏமாற்றுக்காரர்கள் பயன்படுத்துகிறார்கள். எதிர்க்க வேண்டியது 'மோசடி' என்ற அந்த வார்த்தையை. அது ஓவர்டிராஃப்ட் பதிவைவிட மிகக் கெட்டது, பழைய பதிவு இருப்பவர்களுக்கென்றே உள்ள இரண்டாம் வாய்ப்புக் கணக்குகளைக்கூட அடைத்துவிடும்.

இன்றே ஊர்ப் போலீசில் புகார் கொடுத்து எண்ணை வாங்குங்கள். ஏமாற்றுப் புகார்களை வாங்கும் அரசு அமைப்பான ஃபெடரல் டிரேட் கமிஷன் இணையதளத்திலும் பதியுங்கள். அந்த ஆளோடு நடந்த மெசேஜ்கள், கிஃப்ட் கார்டு ரசீதுகள், காசோலை வந்த உறை எல்லாவற்றையும் வைத்து வங்கியின் மோசடித் தடுப்புப் பிரிவுக்கு எழுதுங்கள்: தொகையைத் தவணையில் கட்டத் தயார், பதிவின் காரணத்தை மாற்றுங்கள் என்று. பல்கலைக்கழகத்தின் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்திடமும் சொல்லுங்கள், இது அவர்களுக்குப் பழக்கமான கதை. கிஃப்ட் கார்டு கம்பெனிக்கும் உடனே போன் செய்யுங்கள், எண் இன்னும் பயன்படுத்தப்படாமல் இருந்தால் கொஞ்சம் திரும்பலாம்.

கேள்வி: அமெரிக்காவில் மகனுக்கு இப்படி ஒரு பதிவு இருந்தால் இங்கே சிபிலில் தெரியுமா? எனக்கும் ஒரு சிக்கல். கட்டி முடித்து மீட்ட நகைக்கடன் ஒன்று, ஏழு மாதமாகச் சிபில் அறிக்கையில் இன்னும் பாக்கி என்றே காட்டுகிறது.
– வாசகி, திருச்சி

பதில்: தெரியாதம்மா. இரண்டுக்கும் தொடர்பு இல்லை, மகனை அதை வைத்துக் கவலைப்பட வைக்காதீர்கள்.

உங்கள் நகைக்கடனுக்கு, நகையை மீட்ட அன்று கொடுத்த ரசீதை எடுத்து வையுங்கள், பாக்கி இல்லை என்ற சான்றைக் கிளையில் எழுதி வாங்குங்கள். சிபிலின் இணையதளத்தில் அந்தக் கடன் வரியைக் குறித்துப் புகார் போடுங்கள். வங்கிக்கும் தனியாகக் கடிதம் கொடுத்து, ஒப்புகைச் சீல் வாங்குங்கள். ரிசர்வ் வங்கியின் விதிப்படி 30 நாளில் தீர்க்காவிட்டால், அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் உங்களுக்கு ஈடு தர வேண்டும். இந்த விதி 2024 ஏப்ரல் முதல் நடைமுறையில் இருக்கிறது. தரவில்லை என்றால் ரிசர்வ் வங்கியின் ஒருங்கிணைந்த ஆம்புட்ஸ்மேனிடம் (குறைதீர்ப்பாளர்) முறையிடலாம், கட்டணம் இல்லை. சிபில் போலவே இந்தியாவில் இயங்கும் எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹைமார்க் மூன்றிலும் அறிக்கையை வாங்கிப் பாருங்கள். ஒவ்வொன்றும் வருடத்துக்கு ஒரு முழு அறிக்கை இலவசமாகத் தர வேண்டும். ஏழு மாதமாகச் சிபிலில் தெரியும் பாக்கி மற்ற மூன்றிலும் இருக்க வாய்ப்பு அதிகம்.